டாக்டர் அனுப்புகிற நாற்பது பேர்

புறா வலை கட்டிப் பிழைக்கிற அந்தக் குடும்பத்தில், வலை கட்டுகிறவருக்கே உயரம் என்றால் பயம். இது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. புறாக்களுக்கும் தெரிந்திருக்கலாம், ஆனால் அவை வாயைத் திறக்கவில்லை.

மனைவிக்கு வீட்டில் குட்டி என்று பெயர். வயது நாற்பத்தொன்று. அப்படிக் கூப்பிட ஆரம்பித்தவர்கள் நிறுத்துவதற்கு மறந்துவிட்டார்கள். கடை அவள் அண்ணனுடையது. போன் எடுப்பது, ஆர்டர் குறிப்பது, கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் குட்டி. பால்கனியில் கொக்கி அடித்து நைலான் வலையை இழுத்துக் கட்டுவது அவள் வீட்டுக்காரர். அண்ணன் அவரை மாப்பிள்ளை என்பார், அவர் அண்ணனை மச்சான் என்பார். மரியாதைக்குக் குறைச்சல் இல்லாத உறவு. அதனாலேயே பல விஷயங்கள் பேசப்படாமல் கிடந்தன.

நாலாவது மாடி வரைக்கும் மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. தெருவில் போகிறவர் சட்டையின் மேல் பொத்தான் போட்டிருக்கிறாரா இல்லையா என்று தெரிகிறவரை அவருக்குத் தைரியம் இருக்கும். ஐந்தாவது மாடி என்றால் காலையிலேயே முதுகு பிடித்துக்கொள்ளும். அண்ணன் அன்றைக்கு மட்டும் வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டு அனுப்புவார். நல்லவேளையாக அந்தச் சுற்று வட்டாரத்தில் லிஃப்ட் இல்லாத பழைய நாலு மாடி வீடுகள்தான் அதிகம். பதினைந்து வருஷத்தில் அவர் முதுகு ஒன்பது முறைதான் பிடித்தது. ‘பாவம், உழைக்கிற உடம்பு’ என்று அண்ணன் தைலம் வாங்கிக் கொடுத்தார். அந்த வெளி ஆளும் போன வருஷம் பெரிய கம்பெனி ஒன்றில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இனி அப்பா. குட்டிக்கும் அண்ணனுக்கும் அப்பா, கடையை ஆரம்பித்தவர். எழுபத்தைந்து வயதில், கடை வாசலை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் இப்போது அவர் உத்தியோகம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், விடாமல் மழை பெய்து வேலை எதுவும் இல்லாத ஒரு வாரத்தில், இணையதளத்துக்கென்று ஒரு கட்டுரை எழுதினார். ‘புறாத் தொல்லையா? பதினோரு வழிகள்.’ கண்ணாடித் துண்டு தொங்கவிடுவது, பழைய சிடி கட்டுவது, ஆந்தை பொம்மை வைப்பது, கூடு கட்டக் கொண்டுவருகிற குச்சியை அன்றன்றைக்கே எடுத்துப் போடுவது என்று பத்து வழிகளையும் தானே செய்து பார்த்து, எது எத்தனை நாள் பலித்தது என்று தேதியோடு எழுதியிருந்தார். பதினோராவதாக, போனால் போகிறது என்று, வலை. ‘மேற்சொன்ன எதுவும் பலிக்காவிட்டால் மட்டும்.’ தன் சரக்கையே கடைசியில் வைத்து எழுதின ஒரே வியாபாரி தன்னைப் பெற்றவர்தான் என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் அந்தக் கட்டுரை இணையத்தில் தேடுகிற சர்ச்சில் போய் முதலாவதாக உட்கார்ந்துகொண்டது. புறாத் தொல்லை என்று அடித்தால் முதலில் வருவது அப்பாதான். ஒரு நாளைக்கு அறுநூறு பேர் பார்ப்பார்கள். கடைக்கு வரும் ஆர்டரில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் கொண்டுவந்தது. அப்பா தினமும் ஆறரை மணிக்கு எழுந்து, போனில் தேடி, தான் முதலில் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை ஒன்றும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ‘வளர்ச்சி ஆலோசகர்’ என்று ஒருவர் வந்தார். படிக்கிறவர்களை வாங்க வைக்க வேண்டும் என்றார். பக்கத்தைத் திறந்த ஐந்தாவது வினாடி ஒரு புறா பறந்து வந்து, எழுத்து முழுவதையும் மறைத்துக்கொண்டு, ‘உடனே ஆர்டர் செய்யுங்கள்’ என்று ஒரு பெட்டியை விரித்தது. அதை மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு. ஆட்கள் அதைத் தேடிக் களைத்துப்போய் மொத்தத்தையும் மூடினார்கள். மூன்றாவது வாரம் பக்கம் பதினாலாவது இடத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு அப்பா பல் விளக்கவில்லை. புறாவைத் துரத்திவிட்ட பிறகும் பழைய இடத்துக்கு வர ஏழு வாரம் ஆயிற்று, அந்த ஏழு வாரமும் கடை போன் அடிக்காமல் வெறும் சாமான் மாதிரிக் கிடந்தது. அண்ணன் ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டினார்: ‘அப்பா பக்கத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.’ வருகிற வாடிக்கையாளர்கள் அதைப் படித்துவிட்டு வாசலில் இருந்த அப்பாவைச் சற்றுத் தள்ளியே சுற்றிக்கொண்டு போனார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், மாதத்தின் முதல் திங்கட்கிழமை, அண்ணன் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

“மாப்பிள்ளை, ஒரு டவர் காண்ட்ராக்ட் வருது. இருபத்தாறு மாடி, ரெண்டு பிளாக். வெளிப்பக்கம் பூரா வலை. கயிறுல தொங்கிக்கிட்டு கட்டணும். பெல்ட்டு, ஹெல்மெட்டு எல்லாம் அவங்களே தராங்க. உங்களைத்தான் சொல்லியிருக்கேன்.”

“முதுகு...” என்றார் மாப்பிள்ளை.

“தொங்கினா முதுகு நீளும். நல்லதுதானே?”

“நமக்கு இது அவசியமாண்ணே?” என்றாள் குட்டி.

“ஆசைப்பட்டா போறேன்? மாசம் நாப்பது வலை கட்டினா கடை ஓடும். நாம கட்டுறது இருபத்தி மூணு. இந்த மாசம் நாப்பது வந்துச்சுன்னா நானே அவங்களுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன். இல்லைன்னா ஒண்ணாம் தேதி கையெழுத்து.”

“சரிங்க மச்சான்” என்று மாப்பிள்ளை சிரித்தார். மத்தியானம் சாப்பாட்டைப் பிசைந்தது பிசைந்தபடி வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

“அண்ணன்கிட்ட சொல்லிடுங்களேன்” என்றாள் குட்டி.

“என்னன்னு சொல்லுவேன்? வலைக்காரனுக்கு உயரம்னா பயம்னா, மீன்காரனுக்குத் தண்ணின்னா பயம்ங்கிற மாதிரி. உங்க அண்ணன் சிரிச்சாக்கூட தாங்கிப்பேன். பாவப்படுவார். அதைத்தான் தாங்க முடியாது.” கை கழுவிக்கொண்டே சொன்னார்: “கனவுலகூட நான் தரைத்தளம்தான் குட்டி.”

அவளால் இருபத்தாறு மாடியில் ஒரு கயிற்று முனையில் இந்த மனிதரை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பதினேழு வலை. இந்த மாதத்துக்குள் இன்னும் பதினேழு வலை எங்கிருந்தாவது வர வேண்டும்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சர்ச்சிலிருந்து வருகிற அறுநூறு பேர் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள். புறாவின் ஆயுசு எத்தனை என்று தேடி வந்தவர்கள்கூட அதில் உண்டு. ஆனால் தினம் ஒரு நாற்பது பேர் வேறு வழியாக வந்துகொண்டிருந்தார்கள். ஒரு நுரையீரல் டாக்டர். புறா எச்சத்தின் தூசு மூச்சுக்குள் போனால் நுரையீரல் என்ன பாடுபடும் என்று தன் பக்கத்தில் எழுதி, கடைசி வரியில் ‘இதைப் படியுங்கள்’ என்று அப்பாவின் கட்டுரைக்கு ஒரு லிங்க் கொடுத்திருந்தார். அப்பா வலையைக் கடைசியில் வைத்ததுதான் அவருக்குப் பிடித்துப்போயிற்று, விற்கிறவன் எழுதினது மாதிரியே இல்லையாம். அந்த நாற்பது பேரும் நிஜமாகவே இருமுகிறவர்கள். ஆறு நிமிஷம் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தார்கள். படித்துவிட்டுப் போய்விட்டார்கள். நாற்பதில் இரண்டு பேர்தான் ஆர்டர் பக்கத்துக்குப் போனார்கள், வாரத்துக்கு ஒருவர் ஆர்டர் கொடுத்தால் அதிசயம்.

அவர்களைப் பிடிக்க வேண்டும், அப்பா முதலிடத்திலிருந்து அசையவும் கூடாது. பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது.

டாக்டரிடம் போய், லிங்க்கை ஆர்டர் பக்கத்துக்கு மாற்றச் சொல்லலாம். ஆனால் அப்பா முதலிடத்தில் இருப்பதற்கு அந்த லிங்க்கும் ஒரு காரணம். பெரிய மனிதர் கைகாட்டுகிற பக்கம் என்று சர்ச்சுக்கு ஒரு மரியாதை. அதைப் பிடுங்கினால் நாற்காலியில் ஒரு காலைக் கழற்றின மாதிரி. கட்டுரை நடுவிலேயே பெரிய பட்டன் வைக்கலாம் என்றால், தலைக்கு மேலே அட்டை. சர்ச்சுக்கு ஒரு பக்கம், ஆட்களுக்கு ஒரு பக்கம் என்று காட்டுவது திருட்டு வேலை, அகப்பட்டால் பக்கத்தையே தூக்கிவிடும்.

மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டாள். கட்டுரையில் ஓர் எழுத்து மாறாது. எதையும் மறைக்காது. டாக்டர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் உச்சியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டி தெரியும்: ‘டாக்டர் சொல்லி வந்தீர்களா? உங்களுக்கு இங்கே.’ அதைத் தொட்டால் சின்னதாக ஒரு புதுப் பக்கம், அதிலேயே ஆர்டர் படிவம். புதுப் பக்கத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று சர்ச்சிடம் ஒரு வரி சொல்லிவைத்துவிட்டால் அது அப்பாவுக்குப் போட்டியாக வந்து நிற்காது.

அப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

“எழுத்துல கை வைக்கிறியா?”

“இல்லப்பா.”

“புறா பறக்குமா?”

“ஒண்ணும் பறக்காது.”

“ஆந்தை பொம்மை நாலு நாள்தான் பலிக்கும்னு எழுதியிருக்கேன். அதை எடுத்துட மாட்டியே?”

“அதெல்லாம் அப்படியே இருக்கும்பா.”

“அப்ப சரி. ரெண்டாவது இடத்துக்கு வந்தேன்னா உன்கூட பேச மாட்டேன்.”

அண்ணனும் அதையே வேறு மாதிரிச் சொன்னார். ஒரு இடம் இறங்கினாலும் பட்டி போய்விட வேண்டும். அப்பா அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை தேட ஆரம்பித்தார். முதலிடம், முதலிடம், முதலிடம், முதலிடம். பட்டி வைத்து ஒரு வாரம் ஆகியும் அவர் அசையவில்லை.

பட்டி வேலை செய்தது. நாற்பதில் பதினைந்து பேர் புதுப் பக்கத்துக்குப் போனார்கள். அதில் தினம் இரண்டு மூன்று பேர் படிவத்தில் பெயர் எழுதினார்கள். போன் நம்பர் எழுதினார்கள். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் அல்ல, இருவர் அல்ல, அத்தனை பேரும்.

மூன்றாவது கட்டம் இது: பால்கனி நீளம், அகலம், அடிக்கணக்கில். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் தாண்ட முடியாது. அது அண்ணன் வைத்த நட்சத்திரம். முன்பு ஒரு வீட்டுக்குச் சின்ன வலையை எடுத்துக்கொண்டு போய், ஒரு முழம் போதாமல் திரும்பி வந்ததிலிருந்து அளவு தெரியாமல் ஆர்டர் எடுப்பதில்லை என்பது கடையின் சட்டம். மற்ற வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒழுங்காக அளந்து அனுப்பினார்கள். டாக்டர் ஆட்கள் மட்டும் அளக்க மாட்டேன் என்றார்கள். குட்டி பக்கத்தில் ஒரு டேப்பின் படம் போட்டுப் பார்த்தாள். ‘தோராயமாக இருந்தால் போதும்’ என்று எழுதிப் பார்த்தாள். எப்படி அளப்பது என்று மாப்பிள்ளையை நிற்க வைத்து வீடியோ எடுத்துப் போட்டாள். அவர் தரைத்தளத்தில் நின்று மிக அழகாக அளந்தார். ஒருவரும் மசியவில்லை.

மாதம் பாதி போய்விட்டது. மொத்தம் பதினாலு வலை. டவர்க்காரர்கள் பெல்ட் அளவு கேட்டு அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை தன் இடுப்பை அளந்து கொடுத்தார்.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் குட்டி அந்த டாக்டரின் கிளினிக்குக்கே கிளம்பிப் போனாள். போய் என்ன கேட்பது என்று அவளுக்கே தெரியாது. நீளமான அறை, சுவரோடு பிளாஸ்டிக் நாற்காலிகள், இருமல். மேஜையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் “டோக்கனா?” என்றாள். குட்டி “ஆமா” என்றுவிட்டாள். முப்பத்தொன்று கொடுத்தாள்.

பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும், துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்தாள். மடியில் போன், போனில் அப்பாவின் கட்டுரை. குட்டி அவள் பக்கம் சாய்ந்தாள்.

“புறாவா?” என்றாள், சும்மா கேட்கிற மாதிரி.

“அதேதான் போ. மூணு மாசமா மூச்சு விட முடியல. இதுல நல்லா எழுதியிருக்கான். ஒளிக்காம எழுதியிருக்கான்.”

“வலை கட்டச் சொல்லலாமே?”

“சொல்லலாம்னுதான் போனேன். பேர் கேட்டான், குடுத்தேன். நம்பர் கேட்டான், குடுத்தேன். அப்புறம் பால்கனி நீளம் எவ்ளோங்கிறான்.” அந்த அம்மா ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். “டாக்டர் பால்கனிக் கதவையே திறக்கக் கூடாதுன்னுட்டார். சந்துல துணி அடைச்சு வச்சிருக்கேன். நான் எங்கேருந்து அளக்கிறது? வீட்டுல இருக்கிறது நான் ஒருத்தி. அளந்துட்டு வந்து செத்துப்போனா யாருக்கு வலை?”

குட்டி பத்து நாளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்திருக்கிறாள், டேப் படமெல்லாம் போட்டிருக்கிறாள். எங்கே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறாரோ அங்கேயே போய் நின்று எச்சத்தை மிதித்துக்கொண்டு அளந்து வா என்று தினம் பதினைந்து பேரிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. உடனே எழுந்து ஓடப் பார்த்தாள், அதற்குள் முப்பத்தொன்று என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்து, இழுக்கச் சொல்லி, விடச் சொல்லிக் கேட்டார்.

“நல்லாத்தானே இருக்கு? என்ன பண்ணுது?”

“நல்லா இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன் டாக்டர்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கடைக்கு வந்ததும் அண்ணனோடு அரை மணி நேரம் மல்லுக்கு நின்று அந்த நட்சத்திரத்தைப் புதுப் பக்கத்திலிருந்து எடுத்தாள். மூன்றாவது கட்டம் போயிற்று. அந்த இடத்தில் எழுதினாள்: ‘அளவு நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் கதவைத் திறக்க வேண்டாம். நாங்கள் வேலை செய்யும்போது வேறு அறையில் இருங்கள். எச்சத்தை நாங்களே நனைத்து, தூசு கிளம்பாமல் அள்ளிவிடுகிறோம்.’

கீழே ஒரு கேள்வியும் சேர்த்தாள். ‘எத்தனையாவது மாடி?’

இதை யாரிடமும் சொல்லவில்லை. நாலு வரைக்கும் எழுதினவர்களின் ஆர்டர் கடைப் பட்டியலில் சேரும். ஐந்து, அதற்கு மேல் என்றால் ‘நன்றி, வரிசையில் இருக்கிறீர்கள்’ என்று ஒரு பதில் போகும். பேர் கம்ப்யூட்டரில் அவள் மட்டும் திறக்கிற ஒரு தாளில் போய் விழும். ஊரில் வேறு வலைக்காரர்களா இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லிக்கொண்டாள்.

மறுநாளே மூன்று ஆர்டர். அதற்கு மறுநாள் இரண்டு. மாப்பிள்ளை காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று பறந்தார். பதினைந்து வருஷத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக வேலைக்குப் போனதை அவள் பார்த்ததில்லை. எல்லாம் இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி. “டாக்டர்கிட்ட போறவங்க எல்லாம் கீழ் வீட்டுக்காரங்களா இருக்காங்க குட்டி, என்ன ராசியோ” என்றார். அவள் “ம்” என்றாள். அப்பா முதலிடத்திலேயே இருந்தார்.

இருபத்தேழாம் தேதி கணக்கு முப்பத்துநாலு. நாற்பதுக்கு ஆறு குறைந்தது. அவளுடைய தனித் தாளில் ஏழு பேர் இருந்தார்கள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தத் தாளைத் திறப்பதும் மூடுவதுமாக அன்று காலை முழுவதும் உட்கார்ந்திருந்தாள். உயரத்திலிருந்து அவரைக் காப்பாற்ற வேண்டுமானால் அவரை உயரத்துக்கு அனுப்ப வேண்டும். இது என்னடா வம்பு என்று அவளுக்கு அழுகை வந்தது. முகம் கழுவப் பின்பக்கம் போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கடை போன் அடித்தது. கொக்கிகளை எண்ணிக்கொண்டிருந்த மாப்பிள்ளை எடுத்தார். குட்டி துண்டால் துடைத்துக்கொண்டு வந்தபோது அவர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார், பேசினவர் வைத்துவிட்டிருந்தார்.

“பதினோராவது மாடியாம். பன்னண்டு நாளா வரிசையில இருக்காங்களாம். அந்த மனுஷன் பொண்டாட்டி ஒரு ரூமுக்குள்ளயே இருக்காங்களாம். என்ன வரிசை குட்டி அது?”

அவள் தாளைத் திறந்து காட்டினாள். ஐந்து, ஏழு, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதினொன்று, பதினாலு.

அவர் படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

“எனக்காகவா?”

“பின்ன யாருக்காக?”

“எனக்குக் கால் நடுங்கக் கூடாதுன்னு ஏழு பேர் மூச்சு விடாம கெடக்கணுமா?” அவர் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. “என்னை என்னன்னு நெனச்ச நீ? பயந்தாங்கொள்ளின்னு நெனச்ச, சரி. அது உண்மைதான். கல்நெஞ்சக்காரன்னுமா நெனச்ச?”

“நீங்க மேலேருந்து விழுந்துட்டா நான் என்னங்க பண்ணுவேன்?” என்று கத்திவிட்டாள் குட்டி. வாசலில் அப்பா திரும்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளை நேராக உள் அறைக்குப் போனார். அண்ணன் டவர் காண்ட்ராக்ட் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மச்சான், எனக்கு உயரம்னா பயம். ஆரம்பத்துலேருந்தே.”

அண்ணன் நிமிர்ந்தார். “அப்ப அந்த முதுகு?”

“முதுகுக்கு ஒண்ணும் இல்ல.”

“ஒன்பது பாட்டில் தைலம் வாங்கிக் குடுத்தேனே?”

“முட்டிக்குத் தடவினேன் மச்சான். நல்லா கேட்டுச்சு.”

அண்ணன் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை பயந்தபடி பாவப்படவும் இல்லை. கோபப்பட்டார்.

“பதினஞ்சு வருஷம் ஒரே டீக்கடையில டீ குடிச்சிருக்கோம். ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க? நான் என்ன ஊரான் வீட்டு ஆளா? கயிறுல கட்டித் தொங்கவிட்டப்புறம் சொல்லலாம்னு இருந்தீங்களோ?”

“கயிறுல தொங்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனா பால்கனின்னா எத்தனாவது மாடியா இருந்தாலும் உள்ள நின்னு கட்டறேன். குட்டி எனக்காக ஒதுக்கி வச்ச ஏழு வீடு இருக்கு, எல்லாம் மேல் மாடி. மூணு நாள்ல முடிச்சிடறேன்.”

“பயம்?”

“அது பாட்டுக்கு இருக்கும். அதுக்கென்ன பண்றது?”

முப்பத்துநாலும் ஏழும் நாற்பத்தொன்று. அண்ணனுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காண்ட்ராக்ட் தாளை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். “பெல்ட்டு ஒண்ணு நம்மளே வாங்கணும். பால்கனிக் கம்பியில மாட்டிக்கிட்டு நிக்கலாம். நானும் கூட வந்து பின்னாடி புடிச்சுக்கறேன்” என்றார். பிறகு குட்டியைப் பார்த்து, “நீ அந்த மாடிக் கேள்வியை எடு முதல்ல” என்றார்.

குட்டி கேள்வியை எடுத்தாள். எடுத்துவிட்டு, தாளை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஆள் குறைவு, வரிசை அதிகம், மன்னிச்சுக்குங்க, இப்ப வந்துடறோம். ஆறு பேரும் நம்பினார்கள். பதினோராவது மாடிக்காரர் ஒருவர் நன்றிகூடச் சொன்னார், அது தாங்க முடியாததாக இருந்தது.

கடைசி, பதினாலாவது மாடி. ஓர் இளம் பெண் குரல்.

“நாங்க எழுதிக் குடுத்து பதிமூணு நாள் ஆச்சுங்க. நடுவுல அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம். நாளன்னைக்கு வீட்டுக்கு வராங்க. ஏன் நீங்க ஒரு போன்கூட பண்ணலை?”

ஆள் குறைவு என்கிற சொல் குட்டியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உள் அறையில் மாப்பிள்ளை கொக்கிகளைப் பையில் போடுகிற சத்தம் கேட்டது.

“என் வீட்டுக்காரர்தாம்மா வலை கட்டுறவர். அவருக்கு உயரம்னா பயம். நாலு மாடிக்கு மேல இருந்த பேரையெல்லாம் நான்தான் தனியா எடுத்து ஒதுக்கி வச்சேன். அவருக்கே தெரியாது. உங்க அம்மா பேரும் அதுல இருந்துச்சு.”

அந்தப் பெண் போனை வைத்துவிடுவாள் என்று குட்டி நினைத்தாள். வைக்கவில்லை.

“இப்ப அவருக்குப் பயம் போயிடுச்சா?” என்றாள் அந்தப் பெண்.

“இல்லம்மா” என்றாள் குட்டி. “நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வராரு.”